பார்க்கிங் சரிவில் உறைந்த தண்ணீர்: தலைகுந்தா பக்கம் ஒரு ஜனவரிக் காலை

ஊட்டியில் பனிமழை பெய்யாது. டிசம்பர் பிறந்துவிட்டால் ‘மினி காஷ்மீர்’ என்று தலைப்புப் போட்டு வெள்ளைப் புல்வெளி வீடியோக்கள் சுற்ற ஆரம்பிக்கும். கீழேயிருந்து வருகிறவர்கள் அதை நம்பிக் கிளம்பி வருவார்கள். இங்கே வானத்திலிருந்து ஒன்றும் விழுவதில்லை. தரையை ஒட்டிய காற்றில் இருக்கிற ஈரம் இருந்த இடத்திலேயே உறைகிறது, அவ்வளவுதான். இலை நுனியில் முத்து முத்தாக நின்றால் நீர்ப்பனி. மார்கழி, தையில் அதே ஈரம் உப்புத் தூவினாற்போல வெளுத்துப்போனால் உறைபனி.

இரண்டுக்கும் பழகிய ஆள் நான். ஆனாலும் ஒரு டெம்போ டிராவலர் எங்கள் விடுதிச் சரிவில் பின்பக்கமாக வழுக்கி வந்து பூத்தொட்டிச் சுவரில் முட்டி நின்ற பிறகுதான், அந்தச் சரிவில் கிடந்த பனிக்கட்டி எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அந்தக் காலையையும், அதற்கு அப்புறம் நாங்கள் செய்த கோமாளித்தனத்தையும், கடைசியில் எதைச் சரிசெய்தோம் என்பதையும் எழுதிவைக்கிறேன். மலையில் காட்டேஜ், ஹோம்ஸ்டே, டீ ஃபேக்டரி என்று சரிவான வாசல் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

இடம்

ஊட்டியை அடுத்த தலைகுந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விடுதி. அதன் பராமரிப்பு அப்போது என் பொறுப்பு. பெயர் வேண்டாம், முதலாளியோடு இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

ரோடு மேலே, விடுதி கீழே பள்ளத்தில். ரோட்டிலிருந்து வாசலுக்கு நாற்பது தப்படி நீளத்தில் ஒரு சரிவு. முன்பு அது ஜல்லி போட்ட பாதை. பார்க்க அழகாக இல்லை என்று முதலாளி அதற்கு முந்தின கோடையில்தான் வழவழப்பான பார்க்கிங் டைல்ஸ் ஒட்டியிருந்தார். இறங்கும்போது இடது பக்கம் ஆளுயர மேட்டில் பூந்தோட்டம்; அதற்கும் மேலே சிமெண்ட் மேடை கட்டித் தண்ணீர்த் தொட்டி. வலது பக்கம் சரிவை ஒட்டி ஹைட்ராஞ்சியா வரிசை. அதற்குக் கீழே ஒரு விவசாயியின் கேரட் தோட்டம், படிப்படியாக இறங்கி ஊற்று வரைக்கும் போகும். கிழக்கே சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஜனவரியில் எட்டரை மணிக்கு முன்னால் சரிவில் வெயில் படாது.

பள்ளம் என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஊட்டி நகரமே கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டரில் இருக்கிறது. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். உயரம் கூடினால் குளிர் கூடும் என்பது பகலுக்குச் சரி. மேகமும் காற்றும் இல்லாத குளிர்கால ராத்திரியில் கணக்கு மாறிவிடும். நிலம் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி கொஞ்சத்தைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். இல்லையென்றால் போனது போனதுதான். தரையைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனமாகித் தண்ணீர் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் முதலில் வெளுக்கிற இடங்களைப் பாருங்கள்: குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா. எல்லாம் தாழ்வான இடங்கள். மேட்டில் இருக்கிற தேயிலை தப்பிக்கும், பள்ளத்துத் தேயிலை கருகும் என்பது இங்கே எந்தத் தோட்டத்து ஆளுக்கும் தெரியும். அந்தக் குளிர்க் குளத்துக்குள்தான் எங்கள் விடுதி இருந்தது.

அன்று காலை

பொங்கல் விடுமுறை முடிகிற வாரம். முந்தின சாயங்காலமே வானம் கழுவிவிட்டது மாதிரி சுத்தமாக இருந்தது. இலைகூட ஆடவில்லை. தோட்ட வேலை பார்க்கும் அண்ணா கையைத் தேய்த்துக்கொண்டே, “இன்னிக்கு நல்லா விழும்” என்றார். அவர் பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படகர் ஊர்), அறுபது வயதைத் தாண்டியவர். பனி விஷயத்தில் அவர் சொன்னால் நடக்கும்.

காலை ஐந்து மணிக்கு வாட்ச்மேன் பால் வாங்க அதே சரிவில் ஏறிப் போய்த் திரும்பி வந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆறே முக்காலுக்குச் சமையல் செய்யும் அக்கா கீரைக் கட்டோடு மேலிருந்து இறங்கி வந்தார். பாதி தூரத்தில் கால் வாரிவிட்டது. விழும்போது யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், வலது கையை ஊன்றினார். மணிக்கட்டு போய்விட்டது.

அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு ரூம் பையன் ஒரு வேலை செய்தான். நல்ல எண்ணத்தோடுதான். பாய்லரிலிருந்து இரண்டு வாளி வெந்நீர் பிடித்து வந்து, அக்கா விழுந்த இடத்தில் ஊற்றினான். பனிக்கட்டி உடனே கரைந்தது, ஆவி கிளம்பியது, எல்லோருக்கும் நிம்மதி. நான் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டி எடுக்கப் போனேன்.

மணி ஏழேகால் இருக்கும். மதுரைக் குடும்பம் ஒன்று கிளம்புகிற அவசரத்தில் இருந்தது. டெம்போ டிராவலரில் பதினோரு பேர். டிரைவர் மேட்டுப்பாளையத்துக்காரர், மலை ரோட்டில் பழகின கை. முதல் கியரில் மெல்லத்தான் ஏற்றினார். நடுச்சரிவுக்கு வந்ததும் பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி பின்னால் இறங்கி வந்து, இரண்டு தொட்டியை உடைத்துச் சுவரில் சாய்ந்தது. சுவர் மட்டும் இல்லையென்றால் கேரட் தோட்டம்தான். யாருக்கும் அடி இல்லை. ஒரு பாட்டி மட்டும் மருதமலை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

“பிரேக் புடிச்சுதுங்க, ஆனா ரோடு புடிக்கலீங்க” என்றார் டிரைவர் கீழே இறங்கி. வண்டியைச் சுற்றிவந்து பார்க்கும்போது அவரும் ஒரு தடவை வழுக்கினார்.

வாசலில் மாட்டியிருந்த வெப்பமானி மூன்று டிகிரி காட்டியது. “மூணு டிகிரிதானே, தண்ணி எப்படி உறையும்?” என்று அந்தக் குடும்பத்துப் பையன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. வெப்பமானி தோள் உயரத்தில், அதுவும் கூரைக்கு அடியில் இருந்தது. வெறும் வானத்தைப் பார்த்துக் கிடக்கிற தரை அமைதியான ராத்திரியில் அதைவிட மூன்று, நான்கு டிகிரி கீழே போவது சாதாரணம். வானிலை அலுவலகங்களில் இதற்காகவே புல்மட்டத்தில் தனியாக ஒரு வெப்பமானி வைப்பார்கள். செய்தியில் வருகிற எண் ஆள் உயரத்துக் காற்றின் எண். வண்டி ஓடுவது தரையில்.

கனடா யோசனை

முதலாளியின் மைத்துனர் டொராண்டோ பக்கம் இருக்கிறார். குளிர்காலத்தில் கடை வளாகங்கள், அபார்ட்மெண்ட் பார்க்கிங்குகளில் பனி அள்ளுகிற ஒரு கம்பெனிக்கு வண்டி ஓட்டுகிறார். அன்று சாயங்காலமே வீடியோ காலில் வந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது சுவாரசியமாக இருந்தது. எங்களுக்குத்தான் அதில் பாதி காதில் விழவில்லை.

அங்கே இது பெரிய தொழில். சீசன் முழுவதற்கும் ஒரே தொகை என்று ஒப்பந்தம் போடுவார்கள். அல்லது வருகிற ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று பேசுவார்கள். எத்தனை சென்டிமீட்டர் பனி தேங்கினால் வண்டி கிளம்ப வேண்டும் என்பதுகூட எழுத்தில் இருக்கும். புயல் வருகிறது என்றால் முந்தின நாளே உப்புக் கரைசலைத் தரையில் அடித்து வைத்துவிடுவார்கள். நூற்றுக்கு 23 பங்கு உப்பு, மீதி தண்ணீர். அந்த விகிதத்தில் கரைசல் மைனஸ் 21 டிகிரி வரை உறையாது. முன்கூட்டி அடித்துவிட்டால் பனி தரையோடு ஒட்டிப் பிடிக்காது, பிற்பாடு வண்டி வந்து சுலபமாக வழித்துத் தள்ளிவிடும். விழுந்து இறுகின பிறகு உப்புப் போட்டால் பல மடங்கு உப்பு செலவாகும், நேரமும் ஆகும். தரை மைனஸ் ஒன்பது, பத்துக்குக் கீழே போய்விட்டால் சாதா உப்பு சோம்பிவிடும். அப்போது கால்சியம் குளோரைடு கலப்பார்கள். அதற்கும் மேலே குளிர்ந்தால் உருக்குகிற ஆசையை விட்டுவிட்டு, சக்கரம் பிடிப்பதற்காக மணலைத் தூவுவார்கள். எத்தனை மணிக்குப் போனோம், தரை எத்தனை டிகிரி, எவ்வளவு உப்பு போட்டோம் என்று எல்லாவற்றையும் குறித்து வைப்பார்கள். யாராவது விழுந்து கேஸ் போட்டால் அந்த நோட்டுதான் சாட்சி.

“முந்தின நாள்லயே முக்கால்வாசி வேலை முடிஞ்சிரும் மச்சான்” என்றார் அவர்.

முதலாளி காதில் விழுந்தது ‘உப்பு’ என்ற ஒரே சொல். மறுநாள் மார்க்கெட்டிலிருந்து இரண்டு மூட்டை கல்லுப்பு வந்து இறங்கியது.

நான்கு நாள் உப்புப் படலம்

உப்பு வேலை செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். மிக நன்றாக வேலை செய்தது. எங்கள் தரை மைனஸ் இரண்டு, மூன்றைத் தாண்டிக் கீழே போவதில்லை. அந்தக் குளிருக்குக் கல்லுப்பு தாராளம். பனிக்கட்டியின் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. உப்புக்கல் அதில் கரைந்து கரைசலாகி, உறையும் புள்ளியைக் கீழே தள்ளி, அடுத்த அடுக்கைத் தின்னத் தொடங்கும். விடிகாலையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஊசி முனையளவு குழி விழுந்து, குழி கிணறாகி, கிணறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் மொத்தத் தகடும் நொறுங்கின அப்பளம் மாதிரி ஆனது. முதலாளி அதை வீடியோ எடுத்து மைத்துனருக்கு அனுப்பினார்.

அளவு என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு காபிக் குவளை உப்பு இருபது அடி நீளப் பாதைக்குப் போதும் என்று அந்த ஊர்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாங்கள் முறத்தில் அள்ளி விதைத்தோம், நெல் விதைக்கிற மாதிரி.

நான்காம் நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு ரூம் பையன் ஓடிவந்தான். சரிவின் நடுவில் ஒரு காட்டெருமை. தனி ஆண். கறுத்துப் பளபளக்கிற முதுகு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ். தலையைக் குனிந்து டைல்ஸ் இடுக்கை நக்கிக்கொண்டிருந்தது. அந்த நாக்கு சிமெண்டில் உரசும் சத்தம் வாசல் வரை கேட்டது, உப்புத்தாளில் மரத்தைத் தேய்க்கிற மாதிரி. வளர்ந்த ஆண் ஒரு டன் வரை இருக்கும். அதை “ச்சூ” என்று விரட்ட முடியாது. முக்கால் மணி நேரம் நின்று நிதானமாக நக்கிவிட்டுத்தான் போனது. அதற்குள் ரோட்டில் மூன்று கார் நின்று செல்ஃபி எடுக்க ஆரம்பித்துவிட்டது. மலைக் காட்டு மிருகங்களுக்கு உப்பு அபூர்வப் பண்டம், இருக்கிற இடத்தைத் தேடி வரும். கனடாவிலேயே மூஸ் மான்கள் கார்களில் ஒட்டிய சாலை உப்பை நக்க வருவதால், கிட்டே விடாதீர்கள் என்று தேசியப் பூங்காவில் போர்டு வைத்திருக்கிறார்கள் என்று மைத்துனர் அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார். முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மறுநாளும் வந்தது. துணைக்கு இன்னொன்று.

அதே வாரம் வலது ஓரத்து ஹைட்ராஞ்சியா இலைகளின் விளிம்பு தீய்ந்து பழுப்பாகத் தொடங்கியது. பனியில் கருகினால் முழு இலையும் வதங்கிக் கறுக்கும். இது விளிம்பிலிருந்து உள்ளே வந்தது. வேரில் உப்பு. கீழே இருக்கிற கேரட் தோட்டக்காரர் வந்து, கோபப்படாமல், “ஏனுங்க, மேல என்ன கலக்கி ஊத்தறீங்க?” என்று கேட்டார். அவர் பயந்தது கேரட்டுக்காக அல்ல, ஊற்றுக்காக. நான்கு குடும்பம் அதிலிருந்துதான் குடிக்கிறது. உப்பு கரையுமே தவிர எங்கேயும் காணாமல் போகாது. மண்ணில் தங்கும், இல்லையென்றால் தண்ணீரோடு இறங்கும். ஒரு டீஸ்பூன் உப்பு கிட்டத்தட்ட 19 லிட்டர் நன்னீரை நீர்வாழ் உயிர்களுக்கு ஆகாததாக்கிவிடும் என்பது அமெரிக்காவில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. அங்கே சாலைகளில் வருஷத்துக்குச் சுமார் இரண்டு கோடி டன் கொட்டுகிறார்கள். ஏரிகளும் கிணறுகளும் உப்பேறுவதைப் பற்றி அவர்களே புலம்புகிறார்கள். நமக்கு அது மாதிரி மீட்டர் கணக்கில் பனி விழுந்தால் வேறு வழி இல்லை என்றாவது சொல்லலாம். ரோஹ்தாங், சோஜி லா பக்கம் எல்லைச் சாலைகள் அமைப்பு இயந்திரம் வைத்துப் பனியை வெட்டித் தள்ளுவது அந்த மாதிரி இடத்துக்கான வேலை. ஊட்டியில் நாற்பது தப்படிக்கு மூட்டைக் கணக்கில் உப்பு!

மீதி ஒன்றே கால் மூட்டையைக் கட்டி உள்ளே வைத்தோம். சரிவைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் ஊற்றுப் பக்கம் விடாமல் வாளியில் பிடிக்க வேண்டியிருந்தது.

தண்ணீரைத் தேடிய ராத்திரி

பக்கத்து காட்டேஜ்களை ஒரு சுற்று சுற்றி வந்தேன். அதே குளிர், அதே பள்ளம். அவர்கள் பாதையிலும் வெள்ளைப் பூச்சு இருந்தது. ஆனால் அது பொரபொரவென்ற உறைபனி, செருப்புக்குக் கீழே நொறுங்கும். எங்கள் சரிவில் மட்டும் கண்ணாடித் தகடு. காற்றின் ஈரம் தானாக உறைந்தால் அத்தனை தடிமன் வராது. தகடு வர வேண்டுமென்றால் யாராவது தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும்.

வானம் தெளிந்த ஒரு ராத்திரி பார்த்து, தோட்டக்கார அண்ணாவும் நானும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு டார்ச்சோடு உட்கார்ந்தோம். புல்மேல் ஒரு வெப்பமானியைக் கிடத்தி வைத்திருந்தேன்.

பத்து மணிக்கே முதல் தண்ணீர் தெரிந்துவிட்டது. தொட்டிக்கு மோட்டார் போட்டு நிரம்பிய பிறகும் மிதவை வால்வு முழுசாக மூடவில்லை. வழிவது பெரிய ஓட்டம் இல்லை, தையல் நூல் அளவு. பகலில் பார்த்தால் யாரும் சட்டை செய்யமாட்டார்கள். அந்த நூல் தோட்டத்து மேட்டிலிருந்து சரிவில் இறங்கி, டைல்ஸ் மேல் விசிறி மாதிரி விரிந்து நின்றது. ஓடுகிற வாய்க்கால் சீக்கிரம் உறையாது. இப்படி மெலிந்து விரிந்து கிடக்கிற தண்ணீர்தான் உறையும். ஒரு மணிக்கு மேல் டார்ச் அடித்தபோது அதன் ஓரத்தில் பெரணி இலை போல ஒரு கோடு ஓடியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து கிளைகள் விட்டன. விரலால் தொட்டேன், ஒட்டியது.

நாலு மணிக்கு அண்ணா எழுந்தார். “இருங்க, தண்ணி திறந்துட்டு வரேன்” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு பனி ராத்திரியும் அவர் பூச்செடிகளைக் காப்பாற்ற ஸ்பிரிங்ளர் திறந்துவிடுகிறார். தப்பான வேலை இல்லை, சரியான வேலை. அரசு தாவரவியல் பூங்காவிலேயே பனிக்காலத்தில் புல்வெளிக்கு ஸ்பிரிங்ளரில் தண்ணீர் அடிப்பார்கள். தண்ணீர் உறையும்போது சூட்டை வெளியே விடும், ஒரு கிராமுக்கு 80 கலோரி. செடிமேல் தண்ணீர் விழுந்து உறைந்துகொண்டே இருக்கிறவரை இலை பூஜ்ஜியத்துக்கு ரொம்பக் கீழே போகாது. ஆனால் ஆரம்பித்தால் வெயில் வரும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் ஈரம் ஆவியாக ஆரம்பிக்கும். ஆவியாகிற ஒரு கிராம் கிட்டத்தட்ட 600 கலோரியைப் பிடுங்கிக்கொண்டு போகும். அப்போது தண்ணீர் அடிக்காத செடியைவிட அடித்த செடி மோசமாகக் கருகும். சில வருஷம் தன் செடிகள் ஏன் கருகின என்று அண்ணாவுக்கு அன்றுதான் பிடிபட்டது. தொட்டி விடிவதற்குள் காலியாகிவிடும், ஸ்பிரிங்ளர் நின்றுவிடும்.

சரி, அது செடிக் கதை. சரிவுக்கு வருகிறேன். காற்றே இல்லாத ராத்திரி என்று நினைத்தோம் அல்லவா? கைவிளக்கை ஸ்பிரிங்ளர் பக்கம் திருப்பிப் பார்த்தால், தெறிக்கிற பொடித் தூவானம் அப்படியே மெதுவாக நகர்ந்து சரிவின் மேல் இறங்கியது. பள்ளத்துக்குள் வழியும் குளிர்க் காற்று அதைக் கூட்டிக்கொண்டு போகிறது. அண்ணாவின் செடிக்குப் போட்ட தண்ணீரில் ஒரு பங்கு டைல்ஸில் போய் உறைந்தது.

மூன்றாவது தண்ணீர், அந்தக் காலையில் பையன் ஊற்றிய இரண்டு வாளி. மேலே இருந்ததை உருக்கி, இரண்டும் சேர்ந்து கீழே இறங்கி, இன்னும் மைனஸில் இருந்த டைல்ஸில் பரவி, பத்து நிமிஷத்தில் முன்னைவிட வழவழப்பாக உறைந்தது. வண்டி வழுக்கியது அந்தப் புதுப் பரப்பில்தான்.

வாட்ச்மேன் ஐந்து மணிக்கு ஏன் விழவில்லை? அவர் ஓரமாகப் போகிறவர் என்பது ஒன்று. இன்னொன்று, நல்ல குளிரில் இருக்கிற பனிக்கட்டி அவ்வளவு வழுக்காது. பூஜ்ஜியத்தை நெருங்கி மேலே ஈரம் கசிய ஆரம்பிக்கும்போதுதான் படுமோசம். விடிந்தாச்சு, இனி பயமில்லை என்று நாம் கிளம்புகிற ஆறரை முதல் எட்டரை வரை அந்த நேரம்.

ஆக, கனடாக்காரர் அள்ளுவது வானம் கொட்டியதை. நாங்கள் உப்புப் போட்டு உருக்கியது எங்கள் தொட்டித் தண்ணீரை.

மாற்றியவை

வால்வை மாற்றினோம். சின்ன சாமான். அதை முன்பே மாற்றியிருந்தால் அக்காவின் மணிக்கட்டும் போயிருக்காது, இந்த எழுத்தும் தேவைப்பட்டிருக்காது. கூடவே மோட்டாரைப் பனிக்காலத்தில் மதியம் மட்டும் போடுவது என்று வைத்தோம். வழிந்தாலும் வெயிலில் காய்ந்துவிடும்.

தோட்ட மேட்டின் அடியில், சரிவுக்கு முன்னால், குறுக்கே ஒரு சாண் வாய்க்கால் வெட்டி, தண்ணீர் சரிவுக்கு வராமல் திருப்பிவிட்டோம். இதற்கு முதலாளியிடம் மூன்று வாரம் பேச வேண்டியிருந்தது. டைல்ஸை உடைக்கணுமே என்று அவருக்கு வருத்தம். நடுச்சரிவில் பத்துத் தப்படிக்கு டைல்ஸை எடுத்துவிட்டு, ஈர சிமெண்டில் துடைப்பத்தால் இழுத்துக் கோடு போட்ட தளம் போட்டோம். அழகில்லைதான்.

ஸ்பிரிங்ளரை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அது அண்ணாவின் கௌரவம். அவரே வழி சொன்னார். பழைய முறைப்படி சாயங்காலம் செடிகளைக் கோத்தகிரி மிலாறு என்கிற செடியின் தழையால் மூடுவது, காலையில் எடுப்பது. இங்கே நாற்றுக்கும் இளம் தேயிலைக்கும் காலங்காலமாகச் செய்வதுதான். சிலர் தாகை என்கிற செடியை வெட்டிப் போடுவார்கள். செடிக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு மறைப்பு இருந்தால் போதும், பனி மறைப்பின் மேல் உறையும். வேலை அதிகம். தினமும் மூடித் திறக்க ஒரு ஆள் வேண்டும். தண்ணீர் செலவு இல்லை.

தரையில் தூவ சாம்பல். பக்கத்து டீ ஃபேக்டரியில் விறகு எரிக்கிற பாய்லர், சாம்பலைக் கேட்டால் கொடுப்பார்கள். அதைச் சலித்து, கொரகொரப்புக்கு எம்-சாண்ட் கலந்து, ஒரு டின்னில் சரிவின் தலைப்பில் வைத்திருக்கிறோம். உருக்காது, பிடிமானம் கொடுக்கும். கறுப்பாக இருப்பதால் வெயில் பட்டதும் சூட்டை இழுத்துச் சீக்கிரம் இளக்கும். கேரட் தோட்டக்காரருக்கும் சம்மதம். இங்கே மண்ணே புளிப்பு மண், சுண்ணாம்பு போடுகிறவர்கள்தான், கொஞ்சம் சாம்பல் இறங்கினால் நஷ்டமில்லை.

சைப்ரஸ் கிளைகளைக் கழித்துவிட்டால் வெயில் சீக்கிரம் விழும் என்று ஒரு யோசனை வந்தது. மலைப்பகுதியில் மரத்தில் கை வைக்க 1955ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். முதலாளி அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்றுவிட்டார். எனவே வெயிலுக்குக் காத்திருக்கிறோம். பனி விழுந்த காலையில் சரிவின் இரண்டு முனையிலும் கயிறு. எட்டரைக்கு முன் வண்டி ஏற்றுவதில்லை. விருந்தினர் முகம் சுளிப்பார்கள். சூடாக டீ கொடுத்து உட்காரவைப்போம். டிசம்பர், ஜனவரிக் குளிரில் பறித்த கொழுந்தின் மணமே தனி, அதை உறைபனித் தேயிலை என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்று பேச்சை வளர்த்தால் அரை மணி ஓடிவிடும். ரொம்ப அவசரப்படுகிறவர்களிடம் ஊட்டிப் பக்கத்து அவலாஞ்சியில் பனிச்சரிவு நடந்த கதை தெரியுமா என்று ஆரம்பிப்பேன். பனிச்சரிவைக் குறிக்கிற ‘அவலாஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல் அந்த இடத்துக்குப் பெயராக வந்தது பனியால் அல்ல, 19ஆம் நூற்றாண்டில் மண் சரிந்ததால் என்று சொல்லி முடிப்பதற்குள் வெயில் வந்துவிடும்.

மைத்துனரிடமிருந்து உருப்படியாக எடுத்துக்கொண்டது நோட்டு. பனிக்காலத்தில் தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு நான்கு கேள்வி: மேகம் உண்டா, காற்று உண்டா, சரிவில் ஈரம் உண்டா, தொட்டி வழிகிறதா. காலையில் புல் வெப்பமானியின் எண். அவ்வளவுதான். முதல் இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், மூன்றாவதைத் துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் வாட்ச்மேன் சாப்பிடப் போவார்.

அடுத்த இரண்டு பனிக்காலமும் நான் அங்கே இருந்தேன். புல் வெளுத்தது, கார் கூரைகள் வெளுத்தன, சரிவிலும் பொரபொரப்பாகப் பனி பிடித்தது. கண்ணாடித் தகடு ஒரே ஒரு தடவை வந்தது. யாரோ ஒரு விருந்தினர் ராத்திரி கார் கண்ணாடியைக் கழுவி மீதித் தண்ணீரைக் கொட்டியிருந்தார். கயிறு கட்டியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

காட்டெருமை மட்டும் அந்தக் கோடை முழுக்க வந்துகொண்டிருந்தது. மழை நன்றாகக் கழுவிய பிறகுதான் விட்டது.

அக்காவுக்கு மாவுக்கட்டு ஆறு வாரம் இருந்தது. வேலைக்கு வந்த இடத்தில் நடந்தது என்பதால் வைத்தியச் செலவையும் அந்த நாட்களின் சம்பளத்தையும் முதலாளி கொடுத்தார். கொஞ்சம் இழுத்தடித்துத்தான் கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். அக்கா இப்போதும் அங்கேதான் சமைக்கிறார். சரிவின் நடுவில் நடப்பதில்லை. இடது பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே இறங்கி வருகிறார், சித்திரையிலும்.